சின்ன வயசில் ஆடின மரியோ இதைவிட மெதுவாகத்தானே ஓடினான்?

வண்டிப்பாளையம்காரன் (கடலூர்)

வணக்கம். டிவி கேம் ஆடி வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990-களின் கடைசியில் அப்பா தீபாவளி போனஸ் பணத்தில் எங்களுக்கு ஒரு டிவி கேம் வாங்கிக் கொடுத்தார். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு ஃபேன்சி கடையில் வாங்கியது. இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு கன், ஒரு மஞ்சள் கேசட். அந்த ஒரே கேசட்டில் மரியோ, டேங்க், சர்க்கஸ், ரோடு ஃபைட்டர், வாத்து சுடுவது எல்லாமே இருந்தன. வீட்டில் இருந்தது டயனோரா டிவி. பரீட்சை லீவு முழுக்க நானும் தம்பியும் அதன் முன்னால்தான் கிடப்போம்.

போன மாதம் மகளுக்காக ஆன்லைனில் ஒரு எச்டிஎம்ஐ கேம் ஸ்டிக் வாங்கினேன். டிவியில் சொருகினால் ஆயிரக்கணக்கில் பழைய கேம்கள். ஆசையாக மரியோவைப் போட்டேன். போட்டதுமே ஏதோ இடித்தது. ஓட்டம் ரொம்ப வேகம். முதல் ஸ்டேஜில் இரண்டாவது பள்ளம் அகலமாக இருக்குமே, அங்கே நான் குதிக்க நினைக்கிற இடத்துக்கு விரல் போவதற்குள் மரியோ உள்ளே விழுந்துவிடுகிறான். மகள் புதிதாகக் கற்றுக்கொண்டவள், அவள் சுலபமாகத் தாண்டுகிறாள். நான்தான் விழுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய பள்ளம் அது.

பாட்டும் வேகமாக ஓடுகிறது. ஆனால் டேப்பை வேகமாக ஓட்டினால் குரல் கீச்சென்று ஆகுமே, அப்படி இல்லை. சுருதி அதேதான், தாளம் மட்டும் விரட்டுகிறது. சத்தத்தின் குணமும் வேறு. எங்கள் பெட்டியில் இன்னும் கொஞ்சம் மூக்கால் பாடுகிற மாதிரி கேட்கும். இன்னொன்று, அந்தக் காலத்தில் படத்துக்கு மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை இருக்கும். இதில் திரை முழுக்கப் படம்.

தம்பி துபாயில் இருக்கிறான். போனில் சொன்னால், “நாம அப்ப சின்னப் பசங்கடா, எல்லாமே அப்படித்தான் தெரியும்” என்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது மாறலாம், கட்டைவிரல் பழகினது எப்படி மாறும்?

அந்தப் பழைய பெட்டி அம்மா வீட்டுப் பரணில்தான் இருந்தது. இறக்கிவிட்டேன். கேசட்டின் வாயில் இருக்கிற செம்புப் பற்களில் பச்சையாகக் களிம்பு. பழைய அடாப்டரும் இருக்கிறது. இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை. அப்படியே போடலாமா? அதைவிட முக்கியமாக, என் ஞாபகம் சரியா, தம்பி சொல்வது சரியா?

குறிஞ்சிப்பாடி கேமர்

அண்ணா, கேம் ஸ்டிக்ல வர்ற எமுலேட்டர் (பழைய பெட்டி மாதிரியே நடிக்கிற சாஃப்ட்வேர்) சிலது மட்டமா இருக்கும். ஸ்பீடு லாக் இல்லாம ஓடுதோ என்னவோ. செட்டிங்ஸ்ல எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை படம்) காட்டச் சொல்லிப் பாருங்க. 60-க்கு மேல காட்டினா ஸ்டிக் மேலதான் தப்பு. 60 காட்டினா அதுதான் ஒரிஜினல் வேகம், உங்க தம்பி சொல்றது சரின்னு வச்சுக்கலாம்.

பிக்சர்ட்யூப் (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

கடலூர் தம்பி, உங்க ஞாபகத்துல ஒரு பிசகும் இல்ல. துபாய்ல இருக்கிறவருக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க. நீங்க ஆடின மரியோ நெஜமாவே மெதுவாத்தான் ஓடினான். குறிஞ்சிப்பாடி தம்பி சொன்ன 60-ம் சரிதான், ஆனா அது ஜப்பான் கணக்கு. நம்ம வீட்டுல இருந்த பெட்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

நான் டிவி சர்வீஸ் பண்றவன். பிக்சர் ட்யூப் காலத்துலேர்ந்து இதே வேலை. டிவி ரிப்பேருக்கு வர்ற வீட்டுலேர்ந்தே டிவி கேமும் கூட வரும். அப்படித் திறந்து பார்த்துப் பார்த்துத்தான் இதுமேல பைத்தியம் பிடிச்சுது. இப்ப எங்கிட்ட இந்த மாதிரிப் பெட்டிங்க ஒரு அலமாரி நெறைய இருக்கு.

நிண்டெண்டோங்கிற கேம் கம்பெனி 1983-ல ஜப்பான்ல ஃபேமிகாம்னு ஒரு மிஷின் விட்டாங்க. நம்ம டிவி கேம் பெட்டி அதைப் பார்த்துப் பண்ணதுதான். ஜப்பான் டிவி செகண்டுக்கு 60 தடவை படம் மாத்தும். நம்ம ஊர் டிவி பால் (PAL) முறை, 50 தடவைதான். ஜப்பான் பெட்டியை அப்படியே கொண்டாந்து டயனோராவுல சொருகினா படம் உருளும், கலரும் வராது. அதனால தைவான்ல யுஎம்சிங்கிற சிப் கம்பெனி, நம்மள மாதிரி 50 ஹெர்ட்ஸ் நாடுங்களுக்குன்னே ரெண்டு சிப் பண்ணாங்க. யுஏ6527பி, யுஏ6538. முதல்ல சொன்னது கணக்குப் போடுற சிப், அடுத்தது படம் வரையிற சிப். உங்க பெட்டி பழைய மாடலா இருந்தா உள்ள இந்த ரெண்டும் 40 கால் சிப்பா நீட்டி உட்கார்ந்திருக்கும். நம்ம பக்கம் ரிப்பேருக்கு வந்த பழைய பெட்டிகள்ல நான் அதிகம் பார்த்தது இந்த ஜோடியைத்தான்.

அந்தக் காலத்து கேம் பெரும்பாலும் படத்தை வச்சுத்தான் நேரத்தை எண்ணும். ஒரு படம் மாறினா மரியோ ஒரு அடி நகருவான், பாட்டுல ஒரு எண்ணிக்கை ஓடும். உங்க கேசட்டுல இருந்தது ஜப்பான் கேமேதான், ஒரு எழுத்து மாத்தாம. செகண்டுக்கு 60 எண்ணிக்கைக்கு எழுதினதை நம்ம பெட்டி 50 எண்ணிக்கையில ஓட்டுச்சு. ஆறுல அஞ்சு பங்கு வேகம். நாம எல்லாரும் ஆறுல அஞ்சு பங்கு வேகத்துல ஓடுற மரியோவைப் பார்த்துத்தான் வளர்ந்தோம்.

சுருதி ஏன் மாறலன்னு கேட்டீங்களே, அதைக் கவனிச்சதுக்கே உங்களைப் பாராட்டணும். சுருதியை முடிவு பண்றது படத்தோட எண்ணிக்கை இல்ல, சிப்போட ஓட்டம். ஜப்பான் சிப் 1.79 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுது, நம்ம சிப் 1.77. நூத்துக்கு ஒரு பங்குதான் வித்தியாசம், காதுக்கு எட்டாது. அதனால சுருதி நின்னுடுச்சு, காலம் மட்டும் விளம்பமாயிடுச்சு.

மூக்கால பாடுதுன்னு சொன்னீங்க. அதுக்கும் காரணம் உண்டு. இந்த மிஷின்ல பாட்டு வாசிக்கிற சதுர அலைக்கு அகலம் மாத்துற வசதி இருக்கு. கால் அகலம், அரை அகலம்னு. யுஎம்சி சிப்புங்கள்ல இந்த ரெண்டும் இடம் மாறிக் கிடக்கும். கால் கேட்டா அரை வரும், அரை கேட்டா கால் வரும். நோட்டு அதேதான், குரல் வேற.

கறுப்புப் பட்டைக்கு விடை இன்னும் சுலபம். கேம் வரையிறது 240 வரி. ஜப்பான் டிவிக்கு அது திரை முழுக்க நெறைஞ்சுடும். நம்ம டிவியில ஒரு தடவைக்கு 288 வரி தெரியும். மிச்சம் 48 வரிக்கு வரைய ஒண்ணும் இல்ல, மேலயும் கீழயும் கறுப்பு. அதான் நம்ம மரியோ கொஞ்சம் குள்ளமாவும் தெரிவான்.

இப்ப நீங்களே சோதிச்சுப் பார்க்க ஒரு வழி சொல்றேன். மரியோ முதல் ஸ்டேஜ்ல டைம் 400-ல ஆரம்பிக்கும். அந்த ஒரு எண்ணு செகண்டு இல்ல, 24 படத்துக்கு ஒரு எண்ணு குறையும். ஆரம்பிச்ச இடத்துலயே மரியோவை நிக்க வச்சுடுங்க, நகர்த்தாத வரைக்கும் எந்த எதிரியும் வராது. போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சு 400-லேர்ந்து 300 வர எவ்வளவு நேரம்னு பாருங்க. கேம் ஸ்டிக்ல 40 செகண்டு வரும். உங்க பழைய பெட்டியில 48 வரணும்.

ஆனா அதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணணும். கேசட்டை வாயால ஊதவே ஊதாதீங்க. எல்லாரும் ஊதினோம், ஊதினதுல பாதி எச்சில் ஈரம்தான் பல்லுல போய் ஒட்டினது. உங்க ஊர் உப்புக்காத்துல அந்த ஈரம் போதும், களிம்பு ஏற. மொபைல் சர்வீஸ் கடையில ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) கிடைக்கும், 99 சதவீதம்னு போட்டிருக்கறதை வாங்குங்க. காது குடையிற பஞ்சுக் குச்சியில தொட்டு, பல்லு நீளத்துக்கு மேலேர்ந்து கீழ இழுத்துத் துடைங்க. குறுக்கால தேய்க்க வேணாம். பஞ்சு கறுப்பாவும் பச்சையாவும் வரும், வெள்ளையா வர்ற வரைக்கும் குச்சியை மாத்திக்கிட்டே இருங்க. அப்பவும் விடாத இடத்துக்கு மட்டும் பென்சில் ரப்பர், மெல்லமா. உப்புத்தாள் கிட்டவே கொண்டுபோகாதீங்க, மேல்பூச்சு போயிட்டா அடுத்த மழைக்காலத்துலயே திரும்பப் பச்சை பிடிக்கும். பெட்டியோட வாயையும் துடைக்கணும். கேசட் பலகை தடிமனுக்கு ஒரு அட்டையை வெட்டி, மெல்லிசு துணி சுத்தி, ஐபிஏ-வுல நனைச்சு நாலு தடவை சொருகி எடுங்க. நல்லா காயட்டும்.

பழைய அடாப்டரை நம்பாதீங்க. 9 வோல்ட்னு எழுதியிருக்கும், மீட்டர் வச்சா லோடு இல்லாம அதுக்கு மேலயே காட்டும். உள்ள கண்டென்சர் உப்பியிருந்தா இன்னும் மோசம். புது 9 வோல்ட் டிசி அடாப்டர் வாங்குங்க. ஆனா பின்னுல நடுவுல பிளஸ்ஸா மைனஸ்ஸான்னு பெட்டி மேல இருக்கிற படத்தைப் பார்த்து வாங்குங்க. இந்த வகையில நடு மைனஸ் நெறைய உண்டு, இப்ப கடையில கிடைக்கிறது பெரும்பாலும் நடு பிளஸ். மாத்திக் கொடுத்தா வோல்ட்டைக் குறைச்சுக் கொடுக்கிற 7805 ஐசி-யோட போனாலும் போகும், பின்னாடி இருக்கிறதையும் இழுத்துக்கிட்டுப் போனாலும் போகும்.

துய்மா வீதி

பிக்சர்ட்யூப் அவர்கள் சொல்வதற்கு நானே சாட்சி. எங்கள் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். 1990-களின் தொடக்கத்தில் விடுமுறைக்கு வந்தபோது துலோனிலிருந்து நிண்டெண்டோ என்இஎஸ் (ஃபேமிகாமின் வெளிநாட்டு வடிவம்) கொண்டுவந்தார். சாம்பல் நிறப் பெட்டி, முன்பக்கம் மூடியைத் தூக்கிக் கேசட்டை உள்ளே தள்ளி அமுக்க வேண்டும். பிரான்சில் விற்ற பெட்டி நம் ஊர் டிவிக்குப் பொருந்தாது. அதன் பின்னால் வருகிற ஒயர் அகலமான பெரித்தெல் பிளக்கில் போய் முடியும். அதற்காகவே டிவியும் அங்கிருந்தே வந்தது. அந்த டிவியைத் தூக்கி மாடிக்கு ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் மரியோ விறுவிறுவென ஓடுவான். குருசுக்குப்பத்தில் என் வகுப்புத் தோழன் வீட்டில் நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு பெட்டி இருந்தது. அங்கே போய் ஆடினால் மரியோ சோர்ந்து நடப்பான். அவன் வீட்டில் கரண்ட் குறைச்சல், அடாப்டர் வலுவில்லை என்றுதான் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வோம். அவனுடைய அப்பா அதற்காக ஒரு ஸ்டெபிலைசர்கூட வாங்கி வைத்தார். வேகம் மாறவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். பிரான்சிலும் 50 ஹெர்ட்ஸ் டிவிதானே? அப்படியிருக்க எங்கள் வீட்டு மரியோ மட்டும் எப்படி வேகமாக ஓடினான்?

அவன் கேசட்டை எங்கள் பெட்டியில் போட்டுப் பார்க்க எவ்வளவோ ஆசைப்பட்டோம். அவனுடையது சின்னது, எங்களுடையது கிட்டத்தட்ட ஒரு புத்தகம் அளவு. பற்களின் எண்ணிக்கையே வேறு. கடைசிவரை அது நடக்கவில்லை. எங்களிடம் இருந்தவை மூன்றே மூன்று கேசட்டுகள். அவனிடம் ஒரே கேசட்டில் நூறு கேம். பள்ளிக்கூடத்தில் யாருக்கு மதிப்பு அதிகம் என்று சொல்லவே வேண்டாம், அவனுக்குத்தான்.

வண்டிப்பாளையம்காரன்

பிக்சர்ட்யூப் அண்ணே, 48. சரியாக 48.

நீங்கள் சொன்னபடியே பஞ்சுக் குச்சி, ஐபிஏ, அட்டையில் துணி சுற்றி எல்லாம் செய்தேன். பெட்டியில் நடு மைனஸ் படம்தான் போட்டிருந்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் பின் மாற்றித் தந்தார்கள். ஏவி ஒயரில் இப்போதுள்ள எல்இடி டிவியில் சொருகினேன். ஸ்விட்சைத் தள்ளியதும் முதலில் சாம்பல் திரை. கேசட்டை எடுத்து மறுபடி சொருகியதும் மெனு வந்தது, அந்தப் பழைய பாட்டோடு. அம்மா சமையலறையிலிருந்து, “அந்த சனியன் மறுபடியும் வந்துடுச்சா” என்றார், சிரித்துக்கொண்டே.

மகளை ஸ்டாப்வாட்ச் பிடிக்கச் சொன்னேன். ஸ்டிக்கில் 40, பெட்டியில் 48. தம்பிக்கு வீடியோ கால் போட்டு, காட்டிக்கொண்டே ஒரு ஸ்டேஜ் ஆடினேன். அந்த அகலப் பள்ளத்தை ஓட்டத்திலேயே தாண்டினேன். அவன் ஒன்றும் பேசவில்லை, பொங்கலுக்கு வரும்போது இரண்டாவது ஜாய்ஸ்டிக் வேலை செய்யுமா என்று மட்டும் கேட்டான். இரண்டாவதில் பி பட்டன் அழுத்தினால் விழவில்லை. உள்ளே இருக்கிற கறுப்பு ரப்பரைத் துடைத்தால் போதுமா?

கன் சுத்தமாக வேலை செய்யவில்லை. வாத்துக்கு நேராக வைத்துச் சுட்டாலும் ஒன்றும் விழவில்லை. திரை மட்டும் ஒரு முறை மின்னுகிறது. கன் கெட்டுவிட்டதா?

பிக்சர்ட்யூப்

48 வந்துச்சா! ரொம்ப சந்தோஷம் தம்பி. ஸ்டாப்வாட்ச் பிடிச்ச பாப்பாவுக்கும் சொல்லுங்க.

துய்மா வீதி அண்ணன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. பிரான்ஸ் பெட்டி மூணாவது வகை. அதுவும் 50 ஹெர்ட்ஸ்தான். ஆனா மரியோவை ஐரோப்பாவுல விக்கும்போது நிண்டெண்டோவே கேமைத் திருத்தி, ஓட்டத்தையும் பாட்டையும் ஏத்தி வச்சாங்க. நம்ம கேசட் பண்ணவங்க ஜப்பான் கேமை அப்படியே போட்டாங்க. வித்தியாசம் அங்கதான். அடாப்டருக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்ல. வோல்ட் குறைஞ்சா பெட்டி தொங்கிடும், மெதுவா ஓடாது. வேகத்தைப் பிடிக்கிறது உள்ள இருக்கிற கிறிஸ்டல். ரெண்டு பெட்டியிலயும் ஒரே கிறிஸ்டல், 26.6 மெகாஹெர்ட்ஸ். நிண்டெண்டோ அதை 16-ஆல வகுத்து 1.66 ஆக்கினாங்க. தைவான்காரங்க 15-ஆல வகுத்து 1.77 ஆக்கினாங்க, ஜப்பான் ஓட்டத்துக்குக் கிட்ட வர. அதோட இன்னொரு வேலையும் பண்ணாங்க. ஜப்பான் டிவிக்கு ஒரு படத்துக்கு 262 வரி, நமக்கு 312. மிச்சம் வர்ற 50 வரி நேரமும் கேமுக்கு ஒண்ணும் சொல்லாம சும்மா காத்திருக்கிற மாதிரி படம் வரையிற சிப்பை அமைச்சாங்க. அதனாலதான் ஜப்பானுக்குன்னு எழுதின கேம் எது போட்டாலும் நம்ம பெட்டியில படம் கலையாம ஓடுச்சு. பிரான்ஸ் பெட்டியில அதே கேமைப் போட்டா சிலது தடுமாறும்.

இதை ‘டூப்ளிகேட் மிஷின்’னு ஒரு வார்த்தையில தள்ளிடறாங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. நிண்டெண்டோவுக்குக் காசு போகலங்கிறது உண்மை, அது தப்புதான். ஆனா அந்த சிப்பை யோசிச்சு வரைஞ்சவன் நம்ம வீட்டு டிவியைத்தான் மனசுல வச்சு வரைஞ்சான். நிண்டெண்டோ பண்ணாத வேலை அது.

கன் கெடலை. அது எல்இடி டிவியில வேலை செய்யாது. ட்ரிக்கரை இழுத்ததும் திரை ஒரு நொடிக்கும் ரொம்பக் கம்மியா கறுப்பாகும், அடுத்து வாத்து இருக்கிற இடத்துல வெள்ளைக் கட்டம் வரும். நீங்க மின்னுதுன்னு சொன்னது அதைத்தான். கன் சுடறதில்ல, பார்க்குது. கறுப்புக்கு அடுத்தாப்புல வெளிச்சம் தெரிஞ்சா வாத்து விழும். பிக்சர் ட்யூப்ல அந்தக் கட்டம் அந்த நேரத்துக்கே வந்துடும். எல்இடி டிவி படத்தை வாங்கி, பெருசு பண்ணி, பிறகுதான் காட்டும். அதுக்குள்ள கேம் பார்க்கிற நேரம் முடிஞ்சுபோச்சு. அதோட கன்னுக்குள்ள இருக்கிற சர்க்யூட் பிக்சர் ட்யூப் வரி ஓடுற துடிப்புக்கு ஏத்த மாதிரி பண்ணது. எல்இடி வெளிச்சத்துல அந்தத் துடிப்பே கிடையாது.

அதனால பெட்டி டிவி ஒண்ணு பிடிங்க. அதுக்கு நீங்க இருக்கிற ஊரே நல்ல ஊர். 2006-லேர்ந்து தமிழ்நாட்டு அரசு இலவசமா கொடுத்த 14 இன்ச் கலர் டிவி கடலூர் மாவட்டத்துல வீட்டுக்கு வீடு போச்சு. இன்னமும் எத்தனையோ வீட்டுல அலமாரி மேல துணி போர்த்திக் கிடக்கு. பழைய இரும்புக்காரர்கிட்ட போறதுக்கு முன்னாடி கேட்டு வாங்குங்க. பின்னால மஞ்சள் ஏவி துளை இருக்கான்னு மட்டும் பாருங்க. இந்த கேமுக்கு 14 இன்ச்தான் அளவு, பெரிய திரை தேவையே இல்ல. ரொம்ப நாள் ஓடாத டிவின்னா காத்தோட்டமான இடத்துல ரெண்டு நாள் வச்சுட்டு அப்புறம் கரண்ட் கொடுங்க. பின்மூடியைக் கழட்டாதீங்க. ட்யூப் மேல இருக்கிற ரப்பர் மூடிக்கடியில 20,000 வோல்ட் அளவுக்கு ஏறும், பிளக்கைப் பிடுங்கினப்புறமும் தங்கும். திறக்கணும்னா தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

ஜாய்ஸ்டிக் ரப்பரைத் துடைச்சாப் போதும். பலகையில இருக்கிற கறுப்புப் பட்டையையும் லேசா துடைங்க, அதுக்கு ஐபிஏ வேணாம், காய்ஞ்ச துணி போதும். அழுத்தித் தேய்ச்சா கார்பன் போயிடும்.

இப்ப நான் உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். அந்த மஞ்சக் கேசட்டை யாருக்கும் கொடுத்துடாதீங்க. ஜப்பான் ஒரிஜினல் கேசட்டை உலகம் பூராவும் சேர்க்கிறாங்க, பாதுகாக்கிறாங்க. மரியோ கேம் எந்தக் காலத்துலயும் அழியாது, மொத்தமே 40 கிலோபைட், ஆயிரம் பேர்கிட்ட இருக்கு. நம்ம ஊர்ல வித்த கேசட்டை எனக்குத் தெரிஞ்சு யாரும் சேர்க்கல. எந்த கேசட்டுல என்னென்ன கேம் இருந்துச்சு, மெனுவுல என்ன படம், என்ன பாட்டு, எதுக்கு என்ன பேரு வச்சாங்க, எழுதி வச்சு நான் பார்க்கல. 2011 தானே புயல்ல ஓடு பறந்த வீடுங்க, 2015 வெள்ளத்துல மூழ்கின வீடுங்க, அங்கேர்ந்து எத்தனை பெட்டி குப்பைக்குப் போச்சுன்னு நினைச்சா வயிறு எரியுது. காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல நான் வாரம் தவறாம பார்ப்பேன். முன்னெல்லாம் சாக்கு விரிச்சு கேசட்டைக் குவிச்சு வச்சிருப்பாங்க. இப்ப சார்ஜரும் ரிமோட்டும்தான் இருக்கு.

அந்த கேசட்டுக்குள்ள சிப்பு தனியா இருக்காது. பலகை மேல கறுப்பா ஒரு சொட்டு பசை உறைஞ்சிருக்கும், அதுக்கடியில மயிரிழைக் கம்பி. ஒரு கம்பி விட்டா கேசட் போச்சு, திறந்து ஒட்ட முடியாது. அதனால இருக்கும்போதே படிச்சு வச்சுடணும். கேசட்டைப் படிச்சு கம்ப்யூட்டர்ல ஏத்தற கருவி எங்கிட்ட இருக்கு. எப்பவாவது புதுச்சேரி பக்கம் வந்தா கேசட்டோட வாங்க, ஒரு காபி குடிக்கிற நேரம்தான். அதுவரைக்கும் மெனு ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைங்க.

குறிஞ்சிப்பாடி கேமர்

பிக்சர்ட்யூப் சார், இதெல்லாம் எனக்குப் புதுசு. கம்ப்யூட்டர்ல எமுலேட்டரைத் தோண்டிப் பார்த்தேன். ரீஜியன்ல ஜப்பான், ஐரோப்பா தவிர மூணாவதா ‘டெண்டி’ன்னு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டு ஸ்டாப்வாட்ச் வச்சா எனக்கும் 48. மெசென் எமுலேட்டர்ல சவுண்டு செட்டிங்ல டியூட்டியை (நீங்க சொன்ன அந்த அலை அகலம்) மாத்திப் போடற ஆப்ஷனும் இருக்கு. அதைப் போட்டதும் எங்க பெரியண்ணன் பக்கத்து ரூம்லேர்ந்து எழுந்து வந்து பார்த்தாரு.

பிக்சர்ட்யூப்

அதேதான் தம்பி. டெண்டிங்கிறது ரஷ்யாவுல இதே சிப்போட வித்த பெட்டியோட பேரு. அங்க அவங்க உட்கார்ந்து ஒவ்வொரு கேசட்டா எழுதி வச்சாங்க, அதனால எமுலேட்டர்ல அவங்க பேரு இருக்கு.

வண்டிப்பாளையம்காரன்

அண்ணே, மெனுவை எடுத்துவிட்டேன். மேலே 168 என்று போட்டிருக்கிறது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் பாதிக்கு மேல் ஒரே கேம் வேறு வேறு பெயரில் வருகிறது, சிலது நேராக நடு ஸ்டேஜில் ஆரம்பிக்கிறது. டேங்க் கேமின் தலைப்பில் டேங்க் 1990 என்று இருக்கிறது. மரியோ தலைப்புப் பலகையில் கீழே கம்பெனிப் பெயர் வர வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. 41-ம் எண்ணில் ஒரு கேம், நானும் தம்பியும் ‘மீன் கடை’ என்று பெயர் வைத்திருந்தோம், இதுவரை வேறு எங்கேயும் நான் பார்க்கவில்லை. ஒரு பூனை மாதிரி உருவம் கூடையோடு ஓடும், மேலிருந்து மீன் விழும். அதையும் வீடியோவாக எடுத்து வைக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை கேசட்டோடு பஸ் ஏறுகிறேன். மகளும் வருகிறாள். இலவச டிவி சித்தி வீட்டில் இருக்கிறதாம், துளையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

பிக்சர்ட்யூப்

வாங்க. 41-ம் எண் எனக்கும் தெரியாது, முதல்ல அதைத்தான் பார்க்கப் போறோம். கேசட்டை பிளாஸ்டிக் பையில போடாதீங்க, வேர்த்துடும். நியூஸ்பேப்பர்ல சுத்திட்டு வாங்க.